பெயரில்லாப் பெட்டியில் வரும் முன் மட்காட்: தகடு நல்லது, மற்றதெல்லாம் வேறாகத் தேடுங்கோ

பழைய பல்சர், அவெஞ்சர் மோட்டார் சைக்கிளைப் பொபராக, அதாவது தேவையில்லாத பாகங்களை உரித்துக் குட்டை மட்காட்டோடு, கட்டுகிறவர்கள் முதலில் வாங்குகிற சாமான்களில் இந்த இரும்பு முன் மட்காட்டும் ஒன்று. பழுப்பு நிறக் காட்போட் பெட்டியில் வரும். மேலே ‘யூனிவேர்சல்’ என்று மட்டும் போட்டிருக்கும், கொம்பனிப் பெயர் இராது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைக்காலத்தில் வீட்டில் நின்ற மோட்டார் சைக்கிளையே உரித்துக் கட்டுகிற பழக்கம் யாழ்ப்பாணத்தில் கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் என்று சின்னக் கராஜ்களில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இறக்குமதி திறந்த பிறகும் அந்த ஆசை குறைந்ததாகத் தெரியவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தகடு கொடுத்த காசுக்குப் பெறுமதி. கூட வருகிற பிறக்கெற்றும் போல்ட்டும் பெட்டியோடு எறியவேண்டியவை. ‘யூனிவேர்சல்’ என்ற சொல்லை நம்பி நேரே கொண்டுபோய்ப் பூட்டினால் போர்க் (முன் சில்லைப் பிடிக்கிற இரண்டு கால்கள்) இறுகும், சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கும், கடைசியில் பழி ரயரில் விழும். மட்காட் கோணலாக நிற்கிறது என்று கொண்டுவருகிற சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் மட்காட்டில் பிழை இராது, அதற்குக் கீழே சில்லு நடுவில் நிற்காது. ஆகவே இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் மட்காட்டைத் தொடமுன் செய்யவேண்டிய வேலைதான்.

பெட்டிக்குள் இருப்பது

மட்காட் ஒன்று, எல் வடிவப் பிறக்கெற் இரண்டு, நாகம் பூசிய எம் 6 போல்ட் எட்டு, வோசர். பூட்டுகிற முறை சொல்லும் தாள் கிடையாது. கீழ்ப்பக்கம் தாங்குகிற கம்பியும் கிடையாது, அது பெரிய குறை.

தகட்டின் தடிப்பு பெட்டியில் 1.5 மி.மீ என்று அச்சடித்திருக்கிறது. ஓரிடத்தில் பூச்சைச் சுரண்டிக் கலிப்பர் வைத்தால் 1.2 காட்டுகிறது. இந்த அளவு மட்காட்டுக்கு 1.2 போதும், அதற்காக ஒருவரும் சண்டைக்குப் போகத் தேவையில்லை. உள் அகலம் 140 மி.மீ. விளிம்பை உள்ளே மடித்து உருட்டியிருக்கிறார்கள், பாராட்டவேண்டிய வேலை. மடிக்காத விளிம்பு நடுக்கத்தில் சீக்கிரம் வெடிப்புக் காணும். ஆனால் அந்த மடிப்பினால் வாய்ப்பக்க அகலம் 134க்கு வந்துவிடுகிறது. ரயருக்கு இடம் இருக்கிறதா என்று கணக்குப் போடும்போது 140ஐ மறந்துவிட்டு 134ஐத்தான் எடுக்கவேண்டும்.

90 அகல ரயர் என்றால் பக்கத்துக்கு 22 மி.மீ மிஞ்சும், தாராளம். 110 ரயருக்குப் பக்கத்துக்கு 12, அதுவும் நல்லது. 130 ரயருக்கு 2 மி.மீதான் மிஞ்சும், அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கோ. பக்கவாட்டில் 8 மி.மீக்குக் குறைய விடக்கூடாது. ரயரில் எழுதியிருக்கிற அகலத்தையும் அப்படியே நம்பவேண்டாம். றிம் அகலமானால் ரயரும் சற்று விரியும், ஒடுங்கிய றிம்மில் குறுகும். காற்றடித்து நிற்கிற ரயரை அளந்து பார்க்கிறதுதான் சரி.

அடுத்தது போர்க் கால்களுக்கு இடைப்பட்ட வெளி. வெளிப்பக்க அகலம் 142.4, பிறக்கெற் இரண்டு பக்கமும் 3 மி.மீ வீதம் 6, ஆக 148.4. மட்காட்டைப் பிறக்கெற்றோடு சேர்க்கிற நைலொக் நட் வெளிப்பக்கம் நிற்கவேண்டும், அதற்குப் பக்கத்துக்கு 8. எல்லாம் கூட்டினால் 165 மி.மீ வேண்டும். உங்கள் போர்க்கில் அவ்வளவு இல்லை என்றால் நட் வரும் இடத்தைக் காலுக்கு மேலேயோ முன்னாலேயோ தள்ளிப் பிறக்கெற் செய்விக்கலாம். 150ம் இல்லாத ஒடுங்கிய போர்க் என்றால் இந்த மட்காட் உங்களுக்கு இல்லை. கடையில் கேட்டால் “எல்லாத்துக்கும் போகும் தம்பி” என்பார்கள். அளந்துகொண்டு போங்கோ.

வளைவு யாருக்குப் பொருந்தும்

வளைவின் உள் ஆரை ஏறக்குறைய 325 மி.மீ. இதை ரயரின் ஆரையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். 90/90-17 ரயரின் ஆரை 297 மி.மீ: றிம் விட்டம் 17 அங்குலம், அதாவது 431.8, இரு பக்கமும் ரயரின் உயரம் 81 (90 அகலத்தில் 90 வீதம்) சேர்த்தால் 593.8, அதில் பாதி. மட்காட்டும் சில்லும் ஒரே மையத்தில் நின்றால் இடைவெளி சுற்றிலும் 28 மி.மீ. பொபருக்கு அது எட்ட நிற்கிற மாதிரித் தெரியும். சரி என்று உச்சியில் 12க்கு இறக்கினால், உச்சியில் இருந்து 60 பாகை தள்ளி இடைவெளி 20 ஆகும், 90 பாகையில் பழையபடி 28. நடுவில் ஒட்டி, நுனிகளில் வாய் பிளந்த தோற்றம் இப்படித்தான் வருகிறது. மட்காட்டைக் கோணலாகப் பூட்டிவிட்டார்கள் என்று பலர் நினைப்பதற்கும் இதுதான் காரணம்.

100/90-17க்குப் போனால் ஆரை 306, இடைவெளி 19. அதற்கு இந்த வளைவு அழகாகவே விழும். 3.00-18 ரயருக்கும் நல்லாப் பொருந்தும். 130/90-16இன் ஆரை 320, அதற்கு இடமே இல்லை, அகலமும் முதலே இடிக்கிறது. 90/90-17 வைத்திருப்பவர்கள் தகர வேலை செய்கிறவரிடம் கொடுத்து வளைவை 312 அளவுக்கு மூடிவிக்கலாம். 1.2 தகடு அதற்கு இடம் கொடுக்கும். மடித்த விளிம்பு சுருங்கி நெளியாமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கோ.

உச்சி இடைவெளி எவ்வளவு விடுவது? கண்காட்சிக்கு என்றால் 8 மி.மீகூட விடலாம். எங்கள் வீதிகளுக்கு 15க்குக் குறைய நாங்கள் சொல்லமாட்டோம். வேகத்தில் ரயர் சற்று விரிகிறது, அது ஒரு பக்கம். அதைவிட, வலிகாமத்துச் செம்மண் மழைக்கு ரயரில் அப்பிக்கொண்டு மட்காட்டுக்குள் இறுகும், தீவுப்பகுதி ஊரி ஒழுங்கைகளில் சின்னக் கல் ரயரின் காடிக்குள் செருகிக்கொண்டு வரும். 8 மி.மீ இடைவெளியில் அந்தக் கல் தகட்டை உள்ளிருந்து கீறிக்கொண்டே போகும்.

சில்லை நடுவுக்கு எடுக்கிறது

முன் சில்லைத் தரையில் இருந்து தூக்கி வையுங்கோ. பழைய மட்காட்டைக் கழற்றிவிடுங்கோ. ஹாண்டில் தாராளமாகத் திரும்பவேண்டும். திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் பள்ளத்தில் விழுகிற மாதிரிப் பிடித்தால் கழுத்துப் பேரிங் பதிந்துவிட்டது. அதை மாற்றாமல் மேற்கொண்டு அளப்பதில் பிரயோசனம் இல்லை.

சில்லைக் கையால் சுற்றி, றிம்மின் ஓரத்துக்குக் கிட்ட ஒரு கம்பியைப் போர்க் காலில் கட்டி நிறுத்துங்கோ. பக்கவாட்டு ஆட்டமும் மேல்கீழ் ஆட்டமும் 2 மி.மீக்குள் இருக்கவேண்டும், பெரும்பாலான கொம்பனி மனுவல்களின் எல்லையும் இதுதான். கம்பிச் சில்லு என்றால் நிப்பிளைக் காற்சுற்றுக் காற்சுற்றாகத் திருப்பி எடுக்கலாம். அலோய் என்றால் வளைந்ததை அடித்து நிமிர்த்தப் போகவேண்டாம், வெடிக்கும்.

ரயர் றிம்மில் சரியாக ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கோ. ரயரின் பக்கத்தில் றிம்முக்குக் கிட்ட ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். அந்தக் கோட்டுக்கும் றிம்முக்கும் உள்ள தூரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு இடத்தில் கோடு உள்ளே போயிருந்தால் ரயர் அங்கே ஏறவில்லை. றிம் நேராக நின்றாலும் ரயர் மட்காட்டுக்குள் ஆடுகிற மாதிரித் தெரியும். காற்றை இறக்கி, விளிம்பில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, திரும்ப அடித்தால் ஏறிவிடும்.

இனி அக்சில். கழற்றிக் கண்ணாடித் தட்டில் உருட்டுங்கோ, 0.2 மி.மீக்கு மேல் வளைந்திருந்தால் புதிதாகப் போடுங்கோ. திரும்பப் பூட்டும்போது மூன்று இடத்தில் பிழை வரும். ஸ்பேசர் (சில்லின் இரு பக்கமும் அக்சிலில் ஏறுகிற குழாய்த் துண்டு) வலம் இடம் மாறுவது ஒன்று. ஸ்பீடோமீற்றர் பெட்டியின் காது ஹப்பின் வெட்டில் விழாமல் மேலே ஏறி நிற்பது இரண்டாவது. அப்படியே நட்டை இறுக்கினால் காது நசியும், சில்லும் சில மி.மீ ஒரு பக்கம் தள்ளி நிற்கும். மூன்றாவது ட்ரம் பிறேக் உள்ள பழைய சைக்கிள்களில்: பிறேக் தட்டின் வெட்டு போர்க் காலில் உள்ள முண்டில் பூட்டவேண்டும். பூட்டாவிட்டால் பிறேக் பிடிக்கும்போது தட்டே சுற்றிச் சில்லை இறுக்கிவிடும். அழகு, கோணல் எல்லாவற்றுக்கும் மேலான பிரச்சினை அது, உயிரோடு விளையாடுகிற விசயம்.

சில்லு நடுவில் நிற்கிறதா என்று பார்க்கப் போர்க்கின் கீழ்க்காலில் இருந்து அளக்கவேண்டாம். பிறேக் கலிப்பர் பிடிக்கிற பக்கம் வார்ப்புத் தடிப்பாக இருக்கும், மற்றப் பக்கம் மெலிவு, இரண்டும் ஒன்றில்லை. கீழ்க் கிளாம்ப் (போர்க் குழாய்களைப் பிடிக்கிற கீழ்த் தட்டு) மட்டத்தில் இரண்டு குரோம் குழாய்களுக்கும் நடுவைக் குறித்துக்கொள்ளுங்கோ. அங்கே ஒரு நூலைக் கட்டி, ரயரின் மேலால் இழுத்து, முன்பக்கம் கீழே இறக்கிப் பிடியுங்கோ. நூல் ரயரின் நடுக்கோட்டோடு ஒத்துப்போனால் சரி. ஒரு பக்கம் தள்ளி விழுந்தால் எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்து ஸ்பேசரில் திருத்துங்கோ: ஒரு பக்கம் கடைந்து குறைத்தால் மற்றப் பக்கம் அதே அளவு கூட்டவேண்டும். மொத்த நீளம் மாறினால் போர்க் கால்கள் உள்ளே இழுபடும், அல்லது விரியும். கடைசல் பட்டறைக்குப் பழைய ஸ்பேசர்கள் இரண்டையும் கொண்டுபோய், “இரண்டையும் கூட்டினால் வாற நீளம் மாறக்கூடாது” என்று சொல்லிக் கொடுத்தால் போதும். சில்லை ஸ்பேசரால் நகர்த்தினால் டிஸ்க்கும் கூடவே நகரும் என்பதால் கலிப்பருக்குள் டிஸ்க் நடுவில் ஓடுகிறதா என்றும் பாருங்கோ. கம்பிச் சில்லுக்கு இன்னொரு வழி, ஸ்பேசரைத் தொடாமல் கம்பியை இறுக்கித் தளர்த்தி றிம்மை மட்டும் நகர்த்துவது. டிஸ்க் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆகையால் எங்கள் விருப்பம் அதுதான்.

“ஒரு நூல் தானே அண்ணை, விடுங்கோ” என்று சொல்லுகிறவர்கள் உண்டு. ஒரு நூல் என்றால் கிட்டத்தட்ட 3 மி.மீ. ரயர் நடுவில் இருந்து 3 மி.மீ தள்ளி நின்றால் மட்காட்டில் ஒரு பக்கம் 12 இருந்த இடைவெளி 9, மற்றப் பக்கம் 15. கண்ணுக்கு 6 மி.மீ வித்தியாசமாகத் தெரியும். அதை மறைக்க மட்காட்டை ஒரு பக்கம் இழுத்துப் பூட்டுவார்கள், அங்கேதான் போர்க் இறுகத் தொடங்குகிறது.

போர்க் முறுகியிருக்கிறதா என்பதற்கு 5 மி.மீ கண்ணாடித் துண்டு ஒன்று போதும். இரண்டு குரோம் குழாய்களையும் தொடுகிற அகலத்தில் வெட்டி, குழாய்களின் மேல் பரப்பி வையுங்கோ. நாலு மூலையும் பதிந்தால் கால்கள் ஒரே தளத்தில் நிற்கின்றன. மூலைக்கு மூலை ஆடினால் ஒரு கால் முன்னுக்கு முறுகியிருக்கிறது. ஒருதரம் விழுந்த சைக்கிள்களில் பெரும்பாலும் குழாய் வளைந்திராது, கிளாம்புக்குள் முறுகிக்கொண்டு நிற்கும். கீழ்க் கிளாம்ப் போல்ட், அக்சில் நட், பின்ச் போல்ட் (போர்க் காலை அக்சிலோடு நெரித்துப் பிடிக்கிற போல்ட்) எல்லாவற்றையும் தளர்த்தி, சில்லை முழங்கால்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு ஹாண்டிலைத் திருப்பினால் நேருக்கு வந்துவிடும். குழாய்களின் உச்சி மேல்க் கிளாம்பில் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும், அதைக் கண்ணால் மட்டிடாமல் அளக்கிற கலிப்பரால் பாருங்கோ.

பின் சில்லோடு ஒத்துப்பார்க்கிறது நூல் வேலை. பின் ரயரைச் சுற்றி நிலத்தில் இருந்து ஒரு சாண் அளவில் நூலைக் கட்டி, இரண்டு பக்கமும் முன்னுக்கு இழுத்து, பின் ரயரின் இரண்டு ஓரங்களையும் சும்மா தொடுகிற மாதிரி நிறுத்துங்கோ. பின் ரயர் 130, முன் 90 என்றால் முன் ரயரின் இரு பக்கமும் 20 மி.மீ வரவேண்டும். இரு பக்கமும் வேறுபட்டால் முன் சில்லைக் குற்றம் சொல்லமுன் பின் சில்லைப் பாருங்கோ, செயின் இழுக்கிற காதில் உள்ள கோடுகள் பல சைக்கிள்களில் பிழைக்கும். ஸ்விங்ஆம் போல்ட்டின் நடுவில் இருந்து பின் அக்சிலின் நடுவுக்கு இரண்டு பக்கமும் அளந்தால் தெரியும்.

மட்காட்டைப் பூட்டுகிறது

இறுக்குகிற ஒழுங்கு முக்கியம். அக்சில் நட்டை மனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கோ. பின்ச் போல்ட் தளர்வாகவே இருக்கட்டும். சைக்கிளை நிலத்தில் நிறுத்தி, முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை அழுத்தி ஐந்தாறு தரம் போர்க்கை இறக்கி ஏற்றுங்கோ. தளர்வான கால் அக்சிலின் மேல் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதன் பிறகு பின்ச் போல்ட். எல்லாம் முடிந்த பிறகு மட்காட். இதை மாற்றி மட்காட்டை முதல் இறுக்கிவிட்டால் கால் தன் இடத்துக்குப் போகாது.

ரயரின் மேல் 15 மி.மீ தடிப்பான ரப்பர் ஹோஸ் துண்டுகளை மூன்று நாலு இடத்தில் குறுக்கே வைத்து ரேப் ஒட்டி, மட்காட்டை அதன் மேல் உட்காரவையுங்கோ. இடைவெளி தானாக ஒழுங்காகும். பக்கவாட்டில் இரண்டு பக்கமும் ஒரே தடிப்பான மரத் துண்டைச் செருகுங்கோ. அந்த நிலையில் மட்காட்டின் காதுக்கும் போர்க் காலுக்கும் இடையில் வலப்பக்கம் 4, இடப்பக்கம் 6 மி.மீ வெளி நின்றால், போல்ட் போட்டு இழுத்து மூடக்கூடாது. 4க்கும் 6க்கும் வோசரோ கடைந்த தண்டோ வைத்து நிரப்பவேண்டும். போல்ட்டைக் கையால் திருப்பும்போது கடைசிச் சுற்று வரைக்கும் தாராளமாக உள்ளே போகவேண்டும். ஸ்பானரால் இழுத்தால்தான் துளை ஒத்துவருகிறது என்றால் வேலை பிழை. இழுத்துப் பூட்டிய மட்காட் இரண்டு கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டே நிற்கும். குழாய் புஷ்ஷில் உரசும், சீல் ஒரு பக்கம் தேய்ந்து எண்ணெய் கசியும். போர்க்கை அழுத்தி விட்டதும் மேலே வராமல் தயங்கினால், மட்காட் போல்ட்டுகளைத் தளர்த்தி இன்னொருதரம் அழுத்திப் பாருங்கோ. அப்போது சுகமாக ஏறி இறங்கினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

பெட்டியில் வருகிற 3 மி.மீ எல் பிறக்கெற்றைப் பற்றிச் சொல்ல நல்லதாக எதுவும் இல்லை. பல சைக்கிள்களில் கொம்பனி மட்காட்டோடு சேர்ந்த இரும்புப் பாலந்தான் இரண்டு போர்க் கால்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும். 30, 31 மி.மீ மெல்லிய குழாய் போர்க்குகளுக்கு அந்தப் பிடி தேவை. அதைக் கழற்றிவிட்டு இந்த எல் துண்டைப் போட்டால் வளைவுகளில் முன்பக்கம் நெளிகிற உணர்வு வரும். 5 மி.மீ தட்டுச் சட்டத்தில் உச்சிக்கு மேலால் ஒரு வளைவு செய்து இரண்டு கால்களையும் இணைத்து, மட்காட்டை அதில் தொங்கவிடுங்கோ. அதோடு 8 மி.மீ உருண்டைக் கம்பியில் கீழ்த்தாங்கி ஒரு சோடி. உச்சியில் மட்டும் பிடித்த மட்காட்டின் பின் நுனி நடுங்கும், பிறகு போல்ட் தளரும், பிறகு தகடு முன்னுக்குச் சுற்றி ரயருக்கும் போர்க்குக்கும் இடையில் செருகும். முன் சில்லு அந்த இடத்திலேயே நிற்கும். ஆள் நிற்கமாட்டார்.

மட்காட் போல்ட்டின் தலை உள்ளே, நட் வெளியே. தலை தட்டையான பொத்தான் வகையாக இருக்கட்டும். மாறிப் போட்டால் போல்ட்டின் நுனி ரயரைப் பார்த்து நிற்கும். எம் 6க்கு 10 நியூட்டன் மீற்றர், எம் 8க்கு 22 முதல் 25 வரைக்கும் போதும். துளையை 1 மி.மீ பெரிதாக விட்டால் கடைசியில் ஒரு சின்னத் திருத்தத்துக்கு இடம் இருக்கும். நீளத் துளையாக வெட்டி வைத்தால் ஒருநாள் அது நழுவும்.

பிறகு போர்க்கின் ஸ்பிரிங்கைக் கழற்றி முழுவதும் அமத்திப் பாருங்கோ. மட்காட் சில்லோடு சேர்ந்து மேலே போகும். அதன் உச்சி கீழ்க் கிளாம்பிலோ பின்பக்கம் சட்டத்திலோ ஓயில் கூலரிலோ முட்டக்கூடாது. ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பி, பிறேக் ஹோசும் கேபிளும் இழுபடுகிறதா என்றும் பாருங்கோ. ஸ்கிறாம்பிளர் பாணியில் மட்காட்டைக் கிளாம்பின் கீழ் பூட்டுகிறவர்களுக்குக் கணக்கு வேறு: போர்க் இறங்குகிற முழுத் தூரமும், அதற்கு மேல் 15 மி.மீயும் ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் வேண்டும். போர்க் 130 இறங்கினால் 145. இந்த மட்காட்டின் வளைவு அந்தப் பாணிக்கு எடுப்பாக இராது.

வெல்டிங் கடையில்

பிறக்கெற்றை மட்காட்டோடு ஒட்டுவிப்பதென்றால், சைக்கிளில் வைத்துப் பொட்டு ஒட்டு மட்டும் போடச் சொல்லுங்கோ, பக்கத்துக்கு இரண்டு. முழு ஒட்டு மட்காட்டைக் கழற்றி எடுத்த பிறகு. ரயருக்கு மேல் ஈரச் சாக்குப் போடவேண்டும். பற்றரியின் இரண்டு வயரும் கழற்றியிருக்கவேண்டும். எர்த் கிளிப்பை ஒட்டுகிற பிறக்கெற்றிலேயே கடிக்கவிடுங்கோ. பின் சட்டத்தில் எங்கோ கடிக்கவிட்டால் மின்சாரம் சில்லுப் பேரிங்குக்குள்ளாலும் கழுத்துப் பேரிங்குக்குள்ளாலும் போகும், குண்டுகளில் புள்ளி விழும். கொஞ்ச நாளில் பேரிங் இரையத் தொடங்கும்போது இதை ஒருவரும் நினைக்கமாட்டார்கள்.

1.2 தகட்டில் ஒரே பக்கம் தொடர்ந்து ஒட்டினால் சூடு தகட்டை அந்தப் பக்கம் இழுக்கும். வலம், இடம், முன், பின் என்று மாற்றி மாற்றிச் சின்னத் துண்டுகளாக ஒட்டி, தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறவிடவேண்டும். ஆறிய பிறகு ஒருதரம் பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெயின்ற்றுக்குக் கொடுங்கோ. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெயின்ற் அடித்து முடிந்த பிறகு 3 மி.மீ கோணல் தெரிந்தால் ஒருவருக்கும் அதைத் திரும்பச் சுரண்ட மனம் வராது. போல்ட்டால் இழுத்து மூடுவார்கள்.

உப்புக்காற்றுக்கு

கூட வருகிற நாகம் பூசிய போல்ட் பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் தினமும் போய் வருகிறவருக்கு ஒரு மாரிக்குத் தாங்காது. 304 ஸ்ரெயின்லெஸ் போல்ட் வாங்குங்கோ, கடற்கரை ஓரத்தில் குடியிருப்பவர்கள் 316 கிடைத்தால் அதையே எடுக்கலாம். அலுமினியப் போர்க் காலுக்குள் ஸ்ரெயின்லெஸ் போல்ட் வெறுமனே போனால் உப்பில் இரண்டும் கடித்துப் பிடித்துவிடும், கழற்றும்போது காலின் மரை கையோடு வரும். மரைக்குக் கொஞ்சம் கிறீஸ் பூசிப் போடுங்கோ. கிறீஸ் பூசினால் அதே இழுவைக்கு போல்ட் கூடுதலாக இறுகும், அதனால் டோர்க்கை (இறுக்குகிற அளவை) சற்றுக் குறைத்து வையுங்கோ.

மட்காட்டின் கறுப்புப் பூச்சு பெயின்ற் இல்லை, கடைக்கு வரும் வரைக்கும் துரு பிடிக்காமல் இருக்க அடித்தது. முழுவதும் உரித்து எபொக்சி பிரைமர், உட்பக்கம் அண்டர்சீல். மடித்த விளிம்புக்குள் தண்ணீர் தேங்கும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். பிரைமர் அடிக்கமுன் மடிப்பின் இரண்டு நுனியிலும் 3 மி.மீ துளை ஒவ்வொன்று போட்டுவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும்.

பின் நுனியை அழகுக்காகக் குட்டையாக வெட்டுவது இப்போது பரவியிருக்கிறது. ஒக்ரோபர் தொடங்கினால் அந்த வெட்டிய நீளத்தின் பெறுமதி தெரியும்: செம்மண் தண்ணீர் பிளக்கிலும் ஹோர்னிலும் அடித்துக்கொண்டே இருக்கும். முன் நுனியை வேண்டுமானால் வெட்டுங்கோ, பின் நுனியை விடுங்கோ.

வாங்கலாமா?

100/90-17 அல்லது 3.00-18 ரயர், போர்க் வெளி 165க்கு மேல், பிறக்கெற் செய்விக்க ஆள் இருக்கிறது என்றால் வாங்கலாம், நல்ல தகடு. 90/90-17காரர் வளைவை மூடுவிக்கிற செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும். அந்தச் செலவும் பிறக்கெற் செலவும் சேர்ந்தால், தகரப் பட்டறையில் அளவெடுத்துப் புதிதாகவே செய்விக்கிற விலைக்குக் கிட்டப் போகலாம். அப்படி என்றால் புதிதாகச் செய்விப்பதுதான் புத்தி. பைபர் மட்காட் மலிவு, பாரமும் இல்லை, ஆனால் போல்ட் துளையைச் சுற்றி வெடிக்கும், போர்க் கால்களை இணைத்துப் பிடிக்கிற வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. அலுமினியம் என்றால் 2 மி.மீக்குக் குறைய எடுக்கவேண்டாம். அதை ஒட்ட ரிக் (TIG) வெல்டிங் உள்ள கடையாகப் பாருங்கோ.

பொருளுக்கு எங்கள் மதிப்பு: தகடு 10க்கு 7, பிறக்கெற் 2, போல்ட் 1. பெட்டிக்குப் புள்ளி இல்லை, அதில் தடிப்பைக் கூட்டி எழுதியிருக்கிறார்கள்.

பூட்டி முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் எல்லா மட்காட் போல்ட்டையும் திரும்ப ஒருதரம் பாருங்கோ, தாங்கிக் கம்பியின் கீழ்ப் போல்ட்டை மறக்காமல். இறுக்கிய பிறகு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டுவிட்டால், பிறகு கழுவும்போது கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.